முழங்கால் சாட்சி

ஒன்பதாவது கட்டளை அடுத்தவரைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்கிறது, சொந்த முழங்காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்று ரத்தினபாய் யோசித்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் நின்று அவள் கணவர் ஞானையா, இந்த வருடம் குடும்பம் பெற்ற நன்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொழிச்சலூர் வீட்டு ஹாலில் வருடக் கடைசி ஸ்தோத்திரக் கூட்டம். வாடகை நாற்காலிகள் வாசல்வரை நிரம்பியிருந்தன. சமையலறையில் கேக்கும் மிக்சரும் காகிதத் தட்டுகளில் காத்திருந்தன.

தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம், பேசுகிறவர் பாதியில் நிறுத்துவார். எல்லோரும் கண்களை மூடிக்கொள்வார்கள். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். அந்தப் பகுதியில் ஜெபமே அப்படித்தான்.

மகன் எபிக்குக் கேளம்பாக்கம் கம்பெனியில் பதவி உயர்வு. ஸ்தோத்திரம். மகள் பிளஸ்ஸியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம். தலையில் தண்ணீர் பட்டும் அழவில்லை. ஸ்தோத்திரம். கோடையிலும் போர்வெல் வற்றவில்லை. ஸ்தோத்திரம். புது ஸ்கூட்டரை லாரி உரசியும் கண்ணாடி மட்டுமே போனது.

அதற்கு இரண்டு ஸ்தோத்திரம்.

எதிர் வீட்டுத் திரிபுரசுந்தரி அழைப்பை மதித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கே ஆமென் சொல்வதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. லாரி உரசிய இடத்தில் கணீரென்று சொல்லிவிட்டாள்.

பிறகு ஞானையா பரிசுத்த தேசப் பயணத்துக்கு வந்தார்.

சபையாரோடு அவர் மட்டும் போய்வந்த பயணம். ரத்தினபாய் பெயரும் கொடுத்துத்தான் இருந்தது. கிளம்பும் நேரம் நெருங்கியபோது அவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது.

ஞானையாவோடு பயணம் போவது லேசுப்பட்ட காரியமல்ல. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊட்டிக்குப் போனபோது வழியிலிருந்த பலகைகளையெல்லாம் உரக்க வாசித்தார். இறங்கும்போது அவற்றிலிருந்து கேள்வி கேட்டார். குன்னூரின் உயரம் ரத்தினபாய்க்குத் தெரியவில்லை. கோபத்தில் மேட்டுப்பாளையம் வரை அவர் பேசவே இல்லை.

அந்தப் பயணத்தில் அவளுக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அவளுடைய முழங்காலுக்காகச் சபையில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தார்கள். பெண்கள் ஐக்கியத்திலிருந்து முழங்கால் உறை வந்தது. ஞானையா எருசலேமிலிருந்து ஒலிவ எண்ணெய் கொண்டுவந்தார். புட்டி உடைந்துவிடக் கூடாதென்று தன் பனியன்களையெல்லாம் அதற்குச் சுற்றிவிட்டு, போட்டிருந்த ஒன்றோடேயே ஊர் வந்து சேர்ந்தார்.

தினமும் சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, ஜெபித்து, தானே தேய்த்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவள் காலடியில் உட்கார்ந்ததில்லை. உட்காரும்போது சொடுக்குப் போட்டதென்னவோ அவருடைய முழங்கால்கள்தான்.

“இப்ப ரத்தினம் சாட்சி சொல்லுவா,” என்றார் ஞானையா. “அந்த எண்ணெய்தான். இப்ப மாடி ஏறித் துணி காயப்போடுறா, நானே பார்த்தேன். வர்ற வருஷம் எகிப்து, சீனாய் மலை. ரெண்டு பேர் பேரையும் குடுத்தாச்சு.”

போதகர் கை தட்டினார். ஹாலே தட்டியது.

“எழுந்திரிங்கக்கா,” என்றாள் பக்கத்தில் இருந்த ஜென்சி. “அன்னிக்கு வீட்ல பிரியாணிய வச்சுகிட்டு உங்க காலுக்காகப் பட்டினி கிடந்தேன். அது வீண் போகலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

ரத்தினபாய் எழுந்தாள்.

சுகமாகிவிட்டது என்றால் எகிப்து. அங்கே பிரமிடுக்குப் பிரமிடு பலகை இருக்கும். சுகமாகவில்லை என்றால், பனியன் சுற்றிவந்த அந்த எண்ணெய்க்கும், எதிரே ஆவலோடு பார்க்கிற அந்த முகத்துக்கும் என்ன பதில் சொல்வது?

வாயைத் திறந்தாள். விமானம் வந்தது.

எல்லோரும் கண்களை மூடினார்கள். அவளும் மூடினாள்.

யோர்தான் நதிக்கரையில் நின்று ஞானையா அவள் முழங்காலுக்காகக் கண்ணீரோடு ஜெபித்து, அதைக் குரல்பதிவாக அனுப்பிய அன்று, அவள் திரிபுரசுந்தரியோடு வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் இருந்தாள்.

பேட்டரி கார் வேண்டாமென்று நடந்தே சுற்றினாள். பாதி வழியில் கால் வலிக்கிறதென்று மர நிழலில் உட்கார்ந்தது திரிபுரசுந்தரிதான்.

நீர்யானை இருந்த இடத்தில் ரத்தினபாய் வெகுநேரம் நின்றாள். அது ஒன்றும் செய்யவில்லை. அவளும் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் பெரிய பலகை ஒன்று இருந்தது. யாரும் அதை வாசிக்கவில்லை.

இந்த வருடத்தின் நன்மை எதுவென்று நினைத்தால் அவளுக்கு அந்த மத்தியானம்தான் வந்து நின்றது. அதற்கும் மனதுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டாள்.

விமானம் போய்விட்டது.

“சொல்லு ரத்தினம், கூச்சப்படாத,” என்றார் ஞானையா. சபைக்குக் காட்டுவதற்காக எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்து வைத்திருந்தார்.

“சாட்சி வேணாங்க,” என்றாள் அவள், மெதுவாக. “எகிப்துக்கும் நான் வரலைங்க. நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க.”

ஞானையாவின் கையிலிருந்த புட்டி மெல்லக் கீழே இறங்கியது.

கடைசி வரிசையிலிருந்து, கணீரென்று, “ஆமென்.”

திரிபுரசுந்தரி அன்று சரியான இடத்தில் சொன்ன முதல் ஆமென் அது.