எதற்கெடுத்தாலும் ஜட்ஜ்

"ஜட்ஜ்!"

மருந்துக்கடை அம்மா மறுபடியும் கையைத் தூக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப என்னம்மா சந்தேகம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். என்னோட இந்த கார்டு என்ன செய்யும்னு ஒருதரம் கேட்டுக்கறேன்."

கேட்டுக்கொள்கிறாராம்! இவரே கையிலிருந்து எடுத்து இவரே மேஜையில் இறக்கிய கார்டு. மேலே படம், கீழே அதன் சக்தி என்னவென்று பொடி எழுத்தில் அஞ்சு வரி. வீரர்களையும் மிருகங்களையும் கார்டு கார்டாகச் சேர்த்துப் படை அமைத்து மோதுகிற ஆட்டத்தில், தன் ஆள் என்ன செய்வான் என்றே தெரியாமல் ஒருத்தர் போட்டிக்கு வருவாரா?

ஜட்ஜ் வந்தார். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் இங்கே தீர்ப்பு சொல்கிறவர். கார்டை வாங்கி, வகுப்பில் படிக்கிற மாதிரியே நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பனிக் காவலன். இவன் களத்தில் இருக்கும்வரை, எதிராளி ஒரு முறைக்கு ஒரு வீரனை வைத்துத்தான் தாக்க முடியும்."

"ரொம்ப நன்றி சார்" என்றார் அந்த அம்மா, என்னவோ இப்போதுதான் தெரிந்துகொண்டதைப் போல.

சலூன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். இந்த மேஜையில் ஜெயிக்கிறவருக்குத்தான் ஊர் அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம். அதற்காக, கூட்டம் அலைமோதுகிற ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். எத்தனையோ வருஷமாக வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய இடம் அது.

மூன்று ஆட்டத்தில் முதல் ஆட்டம் போய்விட்டது. அந்த அம்மா ஏதோ புது கார்டை இறக்கிவிட்டு, "பாத்துக்கிட்டீங்களா சார்?" என்று கேட்டார். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்று தலையாட்டிவிட்டு இவர் மொத்தப் படையையும் அனுப்பினார். பாதிப் படை காலி. புது கார்டு, அதன் குணம் அப்படி.

அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. புது கார்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஜட்ஜ்!' இரண்டாவது ஆட்டத்தை இவர் ஜெயித்தார். கடைசி ஆட்டத்திலும் அந்த அம்மா விடுவதாக இல்லை.

"கார்டு வாங்கக் காசு இருக்கு, படிச்சுக் காட்டத்தான் ஆள் வேணும் போல!" என்றார் சலூன்காரர், நாலு பேர் காதில் விழும்படி.

கூடமே சிரித்தது. பாதிப் பேர் அவருடைய வாடிக்கைக்காரர்கள், சிரிக்காமல் இருப்பார்களா? அந்த அம்மா குனிந்து கார்டை நேராக வைத்துக்கொண்டார்.

ஆனாலும் சலூன்காரருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, ஜட்ஜை மாடிப்படி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"என்ன சார் அநியாயம் இது? என் கவனத்தைக் கலைக்கிறதுக்குன்னே பண்றாங்க. நேரத்தை வேற இழுத்தடிக்கிறாங்க. நீங்களும் கூப்பிட்டா ஓடி வந்து நிக்கறீங்க!"

"நான் படிக்கிற நேரத்தைக் கடைசியில கூட்டித் தந்துடறேனேண்ணே. இழுத்தடிச்சு அவங்களுக்கு என்ன லாபம்?"

"அப்ப தன் கார்டு என்னன்னு தெரியாதவங்களை எதுக்கு ஆட விடறீங்க?"

ஜட்ஜ் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"அண்ணே, அவங்க நம்ம ஊருக்குப் புதுசு, அதான் உங்களுக்குத் தெரியல. முன்னாடி இருந்த ஊர்ல தலைமை ஜட்ஜே அவங்கதான். என்னோட ஜட்ஜ் பரீட்சையைத் திருத்தினவங்க. பழசு புதுசு எல்லா கார்டும் தலைகீழ்ப் பாடம்."

"அப்புறம் எதுக்கு உங்களைக் கூப்பிடணும்?"

ஜட்ஜ் கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"யார் கேட்டாலும், நான் சத்தமா படிச்சா ரெண்டு பேர் காதுலயும் விழும் இல்லண்ணே?"

சலூன்காரருக்கு முகம் செத்துப்போனது.

ஆறேழு மாதமாகவே கிட்டத்தில் வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரிதான் இருக்கிறது. பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை. கத்தி பிடிக்கிறவனுக்குக் கிட்டப் பார்வை போச்சு என்று தெரிந்தால் எவன் வந்து கழுத்தை நீட்டுவான்? பழைய கார்டுகளைப் படத்தை வைத்தே சமாளித்துவிடுவார். புதுசு வந்தால், பார்த்த மாதிரி ஒரு தலையாட்டல். அந்தத் தலையாட்டலை முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார் அந்த அம்மா. கண்டுபிடித்ததை வைத்து அடுத்த ஆட்டத்தையும் சுலபமாக ஜெயித்திருக்கலாம்.

சலூன்காரர் மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அந்த அம்மா அடுத்த கார்டை இறக்கினார். அதுவும் புதுசு. கை மேலே போனது.

"ஜட்ஜ்!"

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல்: "யாராவது அந்தம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக் குடுங்கப்பா!"

மறுபடியும் கூடமே சிரித்தது. அந்த அம்மாவும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரித்தார். "ஆமாம்பா, எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு" என்றார்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார் சலூன்காரர்.

"எவன்டா அவன் சிரிக்கிறது? அவங்களுக்கு எல்லாம் நல்லாத் தெரியும். கண்ணு தெரியாதது எனக்குத்தான். நீங்க படிங்க சார், சத்தமா!"