அக்காவின் கையெழுத்து

"தாய்மாமனுக்குப் பத்திரிகையைக் கூரியர்லயா அனுப்புவாங்க? நேர்ல வந்து, தட்டு வெச்சு அழைக்கணும்னு தெரியாது?"

கோதண்டபாணி அழைப்பிதழை டிவி மேல் வீசினார். வளவனூர் வீட்டில் காலையிலிருந்தே இதே பாட்டுதான். திண்டிவனத்தில் இருக்கும் அவருடைய அக்கா அஞ்சம்மாளின் மகளுக்குக் கல்யாணம்.

"நான் போகப் போறதில்ல. அவ்ளோதான்."

மனைவி சூர்யகலாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. அக்காவும் தம்பியும் பேச்சை விட்டதே இவளுடைய கல்யாணத்தில்தான். போட்டோவுக்குக் கூப்பிடவில்லை என்று சாப்பிடாமல் போன அஞ்சம்மாள், இருபது வருஷமாக இந்த வாசலை மிதிக்கவில்லை. சூர்யகலா அந்த நாத்தனாரிடம் நாலு வார்த்தை பேசியதில்லை. இவரும் அக்கா பேச்சையே எடுப்பதில்லை. தன்னால்தான் பிரிந்தார்கள் என்ற உறுத்தல் மட்டும் அவளுக்குப் போகவே இல்லை.

அழைப்பிதழை எடுத்துப் பிரித்தாள். எல்லாம் விறைப்பான அச்செழுத்து. அடியில் மட்டும் சிவப்பில், பிரஷ்ஷால் அவசரமாக இழுத்த மாதிரி ஒரு வரி: 'கட்டாயம் வரணும்!'

கம்ப்யூட்டர் எழுத்துதான். பேக்கரி போர்டு, ஜூஸ் கடை, காதுகுத்து பேனர் என்று போகிற இடமெல்லாம் பல்லைக் காட்டுகிற எழுத்து. சூர்யகலாவுக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"இங்க பாருங்க. உங்க அக்கா கையாலயே எழுதியிருக்காங்க. மத்தவங்களுக்கு வெறும் அச்சு. உங்களுக்குன்னு குந்திக்கினு எழுதி அனுப்பியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த வரியை விரலால் தடவினார்.

"அக்காவா எழுதுச்சு?"

"பின்ன? வேற யாரு எழுதுவாங்க?"

அழைப்பிதழைப் பத்திரமாக உறைக்குள் போட்டார். பிறகு, "பட்டு வேட்டிய எடுத்து வை" என்றார்.

சூர்யகலா உள்ளே ஓடிப்போய்ச் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

கல்யாணத்தன்று திண்டிவனம் மண்டபத்து வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளுயர பிளெக்ஸ் பேனர். அதே சிவப்பு, அதே பிரஷ் எழுத்து: 'எல்லாரும் வாங்க!'

"ஜல்தி வாங்க, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயத்தில் சூர்யகலா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"நான்தாங்க பொய் சொன்னேன். அது கம்ப்யூட்டர்ல வர்ற எழுத்து. உங்க அக்கா எழுதல. இவ்ளோ தூரம் வந்துட்டோம், கோச்சிக்கினு போயிடாதீங்க."

கோதண்டபாணி அவள் கையிலிருந்த சீர்த்தட்டை வாங்கிக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியும். எங்க அக்காவுக்கு எழுதவே தெரியாது, சூர்யா. என்னைப் பள்ளிக்கூடம் அனுப்புறதுக்காக, அதைக் கூலிக்கு மல்லாட்டைச் செடி புடுங்க அனுப்பிட்டாங்க."