கீழறைக் காற்று

“ஏழரைக்கே வந்திட்டீர் தம்பி. ஒன்பது மணியெண்டெல்லோ சொன்னனீர்?”

“ரோட்டில சனம் குறைவு, அன்ரி.”

லோஜன் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தான். ரோவில் புறநகரில் விடியற்காலையிலிருந்தே மழை. யோகராணி அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சரிவில் கட்டிய வீடு. மேலே மூன்று அறைகள். கீழே, பாதி மண்ணுக்குள் ஒன்று. அந்தக் கீழறையில்தான் அவன் ஒரு சின்ன டப்பியை வைத்துவிட்டுப் போயிருந்தான். மண்ணிலிருந்து கசியும் ரேடான் என்ற வாயுவை அது அளக்கும். நிறமில்லை, மணமில்லை. வருடக்கணக்காகச் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். மூன்று மாதம் இருந்த டப்பியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, இன்று முடிவோடு வந்திருக்கிறான்.

“உம்மட டப்பியைப் போல குடியிருக்க ஒரு ஆள் கிடைக்காது” என்றாள். “சமையல் இல்லை, சத்தம் இல்லை. வாடகையும் தரேல்லை.”

லோஜன் சிரிக்கவில்லை.

“மேல பிரச்சினை இல்லை அன்ரி. கீழறையிலதான் அளவு கூட.”

“எவ்வளவு கூட?”

“இருக்கக்கூடிய அளவைவிட நாலு மடங்கு.”

அவள் கதிரையில் இருந்தாள்.

“என்ர மனுசன் சாகும்வரைக்கும் கீழதான் படுத்தவர். டண்டினொங் ஃபக்டரியில நைட் ஷிப்ட். பகல் நித்திரைக்கு இருட்டு வேணுமெண்டு யன்னலுக்குக் கறுப்புத் துணியும் அடிச்சு வைச்சிருந்தவர். சிகரெட் தொட்டும் பாக்காத மனுசன். நுரையீரல் புற்றுநோயெண்டு வந்தபோது டொக்டர்மார் அதை நம்பேல்லை. திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டவை.”

“இதாலதான் அங்கிளுக்கு வந்ததெண்டு சொல்ல ஏலாது.”

“இல்லையெண்டும் சொல்ல ஏலாது.”

“ஓம். அதுவும் ஏலாது.”

“சரி. இதுக்கு என்ன செய்யிறது?”

“நிலத்தில துளை போட்டு ஒரு குழாய் இறக்கவேணும். மேல ஒரு ஃபான் பூட்டினால், மண்ணுக்குள்ள இருக்கிற காற்றை அது இழுத்துக் கூரைக்கு மேல விட்டிடும்.”

“செலவு?”

சொன்னான். அவள் எழுந்து குசினிக்குப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டாள். அங்கிருந்தே பேசினாள்.

“ஞாயிற்றுக்கிழமை கீழறைக்கு ஒரு குடும்பம் வருகுது தம்பி. கௌசிகா எண்டு ஒரு பிள்ளை, புருசன், ஒரு கைக்குழந்தை. அந்த வாடகை வந்தால்தான் வீட்டுக்கடன் கட்டலாம். இல்லாட்டி வீட்டை விக்கவேண்டியதுதான்.”

“கீழ ஒருத்தரையும் படுக்க விடாதேங்கோ.”

“கொஞ்ச நாள் வாடகை வந்தால் அந்தக் காசிலயே ஃபானைப் பூட்டலாமெல்லோ. அதுவரைக்கும் யன்னலைத் திறந்து வைச்சால்?”

“இந்தக் குளிருக்கு ஆர் திறந்து வைப்பினம்? குழந்தை தும்மினால் பூட்டிப்போடுவினம்.”

“உமக்கென்ன, சொல்லிப்போட்டுப் போயிடுவீர்.”

லோஜன் முடிவுத் தாளை மடித்துப் பையில் வைத்தான்.

“நீர் வாயைத் திறக்காட்டி இது ஆருக்குத் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியும் அன்ரி.”

கேத்தல் கொதித்து நின்றது. யோகராணி போனை எடுத்தாள். அவனுக்கு முன்னாலேயே பேசினாள்.

“கௌசிகா, யோகராணி அன்ரி. அந்த ரூம் தர ஏலாது பிள்ளை… இல்லை, வேற ஆக்களுக்குக் குடுக்கேல்லை… ஏஜென்ட்மார் தற்காலிக பிரிட்ஜிங் விசாக்காரருக்கு வீடு தரமாட்டினமெண்டு எனக்கும் தெரியும்… அறைக் காற்று கூடாது பிள்ளை, அதில இருந்தால் நோய் வரும்… நான் ஏன் பொய் சொல்ல?… ஓம், நான் கூடாதவள்தான். அப்பிடியே வைச்சுக்கொள்ளும்.”

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“வீடு போனால் போகட்டும்” என்றாள். “அந்த அறைக்கு அவர் ஒருத்தர் போனது காணும்.”

லோஜன் படியிறங்கிக் கீழறைக்குப் போனான். குழாய் எங்கே இறக்கலாம் என்று பார்ப்பதாக அவள் நினைத்தாள். வெகுநேரம் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போனது.

மேலே வந்தவன் நின்றுகொண்டே அதைக் குடித்தான்.

“இரும் தம்பி, சூடாக்கித் தாறன்.”

“வேண்டாம். காணும்.” கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். “கீழ ஹீற்றர் வேலை செய்யுது.”

“செய்தென்ன. இனி ஆருக்கு?”

வாசலில் குந்தி ஒரு சப்பாத்தைப் போட்டான். மற்றதைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டிருந்தான். மழை ஓயவில்லை. வீதியில் நின்ற அவனுடைய காரின் பின்கண்ணாடி மூச்சு ஆவி படிந்து வெளுத்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அதைத் துடைத்தது.

யோகராணி காரைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

“மனுசியும் மகளும்” என்றான் லோஜன். “போன மாசத்தில இருந்து காருக்குள்ளதான் படுக்கிறம். கீழறையை எங்களுக்குத் தருவீங்களோ அன்ரி?”