பதினேழாம் தேதித் தாள்

தினசரிக் காலண்டரில் பதினேழாம் தேதித் தாளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதன் அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: ஒரு ராஜா பிறந்தது, ஒரு போர் முடிந்தது, முதல் ரயில் ஓடியது, இரண்டு மேதைகள் இறந்தது. எல்லாம் அதே தேதியில்.

விடிந்ததும் அது தனக்கு மேலே இருந்த பதினாறை இடித்தது. “உன் நாள் முடிஞ்சுபோச்சு, நகரு. எல்லாரும் என்னைப் படிக்கணும்.”

“நானா ஒட்டிக்கிட்டு இருக்கேன்? கிழிக்க ஆள் வேண்டாமா? நேத்து சாயங்காலம் வீட்டைப் பூட்டிட்டு ஆட்டோவில ஓடினவங்க இன்னும் வரலையே” என்றது பதினாறு.

பத்து மணி ஆயிற்று. ராகுகாலம் வந்து போயிற்று. பதினேழு படபடத்து ஆணியைக்கூட ஆட்டிப் பார்த்தது. பூட்டு திறக்கவில்லை. அதன் நாள் முழுவதும் பதினாறுக்கு அடியிலேயே கழிந்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரர் தணிகாசலம் வந்தார். பதினாறைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். பதினேழை மட்டும் ஓரம் பிசகாமல் பக்குவமாகக் கிழித்தார்.

“பார்த்தியா!” என்றது பதினேழு, தரையில் கிடந்த பதினாறிடம்.

தணிகாசலம் தாளைத் திருப்பினார். வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், ‘மாலை 4.12. பெண் குழந்தை’ என்று எழுதி பீரோவில் வைத்தார்.

வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மகள் தாளை எடுத்துப் பிரிப்பாள். “இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!” என்று தாள் துடிக்கும்.

அவள் தன் ஒரு வரியைப் படித்துச் சிரித்துவிட்டு, ராஜா உள்ளே போகும்படி நாலாக மடித்து வைப்பாள்.