சீக் என்றால் கன்னம்

போனில் வந்த தமிழைப் பெருமாள்சாமி மூன்றாவது முறையாகப் படித்தான். 'இவர் தன் மேலதிகாரிக்குக் கன்னம் கொடுத்தார். ஆகவே பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.'

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. அவன் மனைவி விஜி வேலை பார்த்த கார்மென்ட்ஸிலிருந்து காலையில்தான் கொரியரில் வந்தது. அபார்ட்மென்டில் பிளம்பிங் பார்க்கிற பெருமாள்சாமிக்குத் தமிழும் கன்னடமும் படிக்க வரும். இங்கிலீஷ் என்றால் போனில் போட்டோ எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பதுதான்.

கன்னம் என்று வந்த இடத்தில் கடிதத்தில் இருந்த 'சீக்' என்ற வார்த்தையை மட்டும் தனியாகத் தட்டிப் பார்த்தான். அப்போதும் கன்னம் என்றே வந்தது.

விஜி குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்றவள், உடம்புக்கு என்ன என்று சொல்லவில்லை.

"கம்பெனியிலேருந்து லெட்டர் வந்திருக்கு."

"நிறுத்திட்டாங்களா?" அவள் திரும்பவில்லை.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டு என்ன ஆகப்போவுது?"

பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வாழ்ந்தாயிற்று. இந்தக் காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்க வாய் வரவில்லை. மேலதிகாரியின் பெயரும் அதில் இல்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சந்தாபுரா சர்க்கிள் நெரிசலில் நின்ற இருபது நிமிஷமும், முகம் தெரியாத எவனையோ மனசுக்குள் அடித்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர் ஹரிஷ்குமாரின் அறைக்கு அனுப்பினார்கள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஸ்வல்ப உக்காருங்க. தண்ணி குடிங்க மொதல்ல."

பெருமாள்சாமி கடிதத்தையும் போனையும் மேஜைமேல் வைத்தான். அவர் இரண்டையும் பார்த்தார்.

"வீட்ல அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"ஒண்ணுமேவா?"

"இல்ல சார்."

ஹரிஷ்குமார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"போன் உங்களக் கெடுத்துடுச்சு. சீக்னா கன்னம்தான், சரி. ஆனா ரொம்பப் பழைய காலத்து இங்கிலீஷ்ல அது தாடைக்குப் பேரு. தாடை ஆடினாத்தானே பேச்சு? அப்படியே போயிப் போயி, மேல இருக்கிறவங்கள எதிர்த்துப் பேசற திமிருக்கும் அதே பேராயிடுச்சு. உங்க மிஸஸ் கொஞ்சம் வாய் நீட்டிட்டாங்க. அவ்ளோதான் மேட்டர்."

"அவ்வளவுதானா சார்?"

"இன்னொரு அர்த்தமும் இருக்கு. அது நமக்கு வேணாம்." அவர் கண்ணைச் சிமிட்டினார். புரியாவிட்டாலும் பெருமாள்சாமி சிரித்து வைத்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியிருந்தது.

"வேலை திரும்பக் கிடைக்குமா சார்?"

"ஏன் கிடைக்காது?" அவரே கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டி, பிரின்ட் எடுத்துக் கொடுத்தார். "மன்னிப்பு லெட்டர். கையெழுத்துப் போட்டு அவங்களே நேர்ல கொண்டாந்து தரட்டும்."

திரும்பி வருகிற வழியெல்லாம் பெருமாள்சாமிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் அவளை. பேக்கரியில் வண்டியை நிறுத்தி, அவளுக்குப் பிடித்த தில்பசந்த் இரண்டு துண்டு வாங்கிக்கொண்டான்.

விஜி சமையல்கட்டில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், தான் சந்தேகப்பட்டதையும் சேர்த்து.

"தப்பா நினைச்சுட்டேன் விஜி, மனசுல வச்சுக்காதே. அந்த மேனேஜர் தங்கமான மனுஷன். வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி, லெட்டரையும் அவரே எழுதிக் குடுத்தாரு. இதுல ஒரு கையெழுத்துப் போடு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் காகிதத்தைத் தொடவில்லை.

"போட மாட்டேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு இறங்கி வந்தும் இவளுக்கு இன்னும் என்ன?

"அவரு சொன்னது சரியாத்தான் இருக்கு. திமிருதான் உனக்கு. அப்படி எவன்கிட்ட என்னத்த எதிர்த்துப் பேசினே, சொல்லு பாப்போம்."

விஜி இரண்டு நாளில் முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"'கதவத் திறங்க ஹரிஷ் சார்'னு சொன்னேன்."