பதினாலாம் பக்கத்து மனிதர்

‘பல்கலைக்கழகத்துக்கும் மக்களுக்கும் பாலம்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் அந்தச் சமூகவியல் இதழைப் படித்துவிட்டு வெளியாள் ஒருவர் கதவைத் தட்டியது, மூன்று வருடத்தில் அன்றுதான் முதல்முறை.

இதழின் ஆசிரியை இமோஜன் அவசரமாக நாற்காலியிலிருந்த தாள்களை அள்ளினாள்.

“பேரு டெஸ்மா. லாண்டரில உங்க புத்தகம் கெடந்துச்சு. பதினாலாம் பக்கத்துல ஒருத்தர் வர்றாரே, தனியா சாப்பிட முடியாம ரேடியோவை ஓடவிட்டுக்கிறவரு, அவரு அட்ரஸ் வேணும்.”

“பேட்டி கொடுத்தவங்க விவரத்தைச் சொல்லக் கூடாதுங்க. பேரையே மாத்தித்தான் போடுவோம்.”

“அவரு தபால்காரரு, நான் பஸ் டிரைவர். அவருக்கு நாய், எனக்குப் பூனை. மத்தபடி அச்சு அசல் நான்தாம்மா. ஒருநாள் டீக்குக் கூப்பிடலாம்னு பாத்தேன்.”

இமோஜனுக்கு மனசு கேட்கவில்லை. “லெட்டர் எழுதிக் கொடுங்க. நானே அவருக்கு அனுப்பிடுறேன்.”

எழுதி, உறையின் பின்னால் தன் முகவரியையும் போட்டுக் கொடுத்தார். வாசலில் நின்று திரும்பினார்.

“போன வருஷம் உங்க பத்திரிகைப் பொண்ணு ஒருத்தி என்கிட்டயும் பேசிட்டுப் போனா. நான் சொன்னதுல சரக்கு இல்லபோல, போடல. பரவாயில்ல, இவரு நல்லா சொல்லியிருக்காரு.”

அவர் போனதும் இமோஜன் பூட்டியிருந்த டிராயரைத் திறந்து, பதினாலாம் பக்கத்துப் பேட்டியின் மூலத்தாளைத் தேடி எடுத்தாள். அதிலிருந்த முகவரியும் உறையின் பின்னாலிருந்த முகவரியும் ஒன்றுதான்.

ஆள் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதென்று பூனையை நாயாக்கியது அவளேதான்.