ஆச்சும்மா

ஓட்டுநர் சோறு சாப்பிட்டதாகக் காதில் விழுந்தால் போதும், அந்தப் பேருந்து முக்கால் மணி நேரம் நகராது. உண்ட மயக்கத்தில் விபத்து நடந்துவிடக் கூடாதாம்.

விருத்தாசலத்தில் ஏறிய செண்பகவல்லி, ஓட்டுநர் இருதயராஜைப் பார்த்ததும் பழக்கத்தில் கேட்டுவிட்டாள். "சாப்டாச்சாண்ணே?"

காலையிலிருந்து பட்டினிதான். ஆனால் யார் கேட்டாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்.

"ஆச்சும்மா."

எஞ்சின் அணைந்தது.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன், பச்சத்தண்ணிகூடக் குடிக்கல!" என்று அரை மணி நேரம் அதனுடன் மல்லுக்கட்டினார். பேருந்து அசையவில்லை.

செண்பகவல்லி தன் தூக்கைத் திறந்தாள். "எப்படியும் நிக்கத்தானே போவுது, சாப்பிடுங்க."

புளிசாதத்தை வழித்துச் சாப்பிட்டு அவர் கை கழுவியபோது முக்கால் மணி நேரம் முடிந்து எஞ்சின் உயிர்பெற்றது. அப்போதுதான் அவருக்குக் கண் சொருகியது.

"தூக்கம் வருதாண்ணே?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா."

பேருந்து நம்பிக் கிளம்பியது.